மூன்று வருடம் இறக்காத முடி

சந்தேகப்படுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. பினாங்குத் துறைமுகத்தில் பதினோரு வருடமாகப் பயணிகளின் பெட்டியைத் திறந்து பார்க்கும் சுங்க வேலை. "உள்ளே என்ன?" என்று கேட்டவுடன் "ஒன்றுமில்லை, துணிமணிதான்" என்று சட்டென்று பதில் வந்தால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பேன். தலையைச் சொறிந்து, யோசித்துச் சொல்கிறவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவேன். அதனால், திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சரோஜாவின் கடிதங்களில் முதல் வரியிலேயே "நான் இங்கு மிகவும் நன்றாக இருக்கிறேன்" என்று படிக்கும்போதெல்லாம் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பேன்.

எழுபதுகளின் கடைசி அது. அவளுக்குக் கல்யாணமாகி நாலரை வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பூர்வீகம் போளூர் பக்கத்துக் கிராமம். பதினெட்டு வயதில் மலாயாவுக்குக் கப்பலேறியவர் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாகப்போகிற காலத்தில் மட்டும் என்ன தோன்றியதோ, தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து, பினாங்கில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டு சைக்கிளில் சுற்றிய பெண்ணை இங்கே அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தச் சமயம் சரோஜாவின் பாஸ்போர்ட் இன்னும் ஏழு வாரத்தில் காலாவதியாக இருந்தது. புதுப்பிக்கும் பாரத்தில் அவள் கையெழுத்துப் போடாவிட்டால், அப்புறம் எங்கள் நாட்டுக்குத் திரும்புவது குதிரைக் கொம்பு. அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "போயி உன் கண்ணால பாரு. அவ நல்லா இல்லன்னா கையெழுத்து வாங்கிக் கையோட கூட்டிட்டு வா. நல்லா இருந்தா விட்டுரு." கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பும்போது குழந்தையோடு மூன்று பேர் என்று புறப்படும்போதே முடிவு செய்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு ஜட்கா வண்டிக்காரர் என் பூட்ஸையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, "எந்த சாமியப் பாக்கணும்?" என்றார். இந்த ஊருக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற யாரும் தங்கையைப் பார்க்க வருவதில்லை போலிருக்கிறது. ஏறி உட்கார்ந்தேன். இருநூறு அடி போனதும் ஒரு டீக்கடை வாசலில் குதிரை நின்றுவிட்டது. அடித்தாலும் அசையவில்லை. "நான் டீ குடிக்கறத அது பாக்கணுங்க. பாக்காம நவுராது," என்றார் அவர். இது கூடுதல் வண்டிக்கூலி கேட்பதற்கு ஒரு தந்திரம் என்று நினைத்து உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். அவர் குடித்து முடித்தார், குதிரை நகர்ந்தது, கூலியும் கூடுதலாகக் கேட்கவில்லை.

பெரிய கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் ஓட்டு வீடு. கதவைத் திறந்தது சரோஜாவின் மாமியார் பச்சையம்மாள். நெடுநெடுவென்று உயரம், வெற்றிலை போட்ட வாய், ஆளை நிறுத்தி எடை போடுகிற பார்வை. "வந்துட்டீங்களா தம்பி? மூணு வருஷம் ஆச்சி நீங்க வர," என்றார். கல்யாணமாகி நாலரை வருடம் ஆகிறது, அதென்ன மூன்று? எனக்கு அங்கேயே பொறி தட்டியது. முதல் நாளே ஏதோ ஒன்று இடிக்கிறது.

சரோஜா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி உள்ளிருந்து வந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி. என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முதலில் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னை. "எப்பண்ணா கெளம்பின? பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா?" என்றாள். குரல் அவளுடையதுதான், பேச்சு இந்தத் தெருவினுடையது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "நல்லா இருக்கேண்ணா."

அவள் பின்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான் அவள் மகன், என் மருமகன் குமார். மூன்று வயது முடிந்திருந்தது. அவனைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண் பிள்ளைக்கு முதுகுவரை முடி. அதை எண்ணெய் போட்டுச் சடையாகப் பின்னிச் சிவப்பு ரிப்பனில் மடித்துக் கட்டியிருந்தார்கள். நுனியெல்லாம் சிக்குப் பிடித்துக் கிடந்தது. பிறந்ததிலிருந்து கத்தரியே படாத முடி. பிள்ளையைக்கூட ஒழுங்காகக் கவனிக்காத வீடு என்று மனதில் முதல் குறிப்பு எழுதிக்கொண்டேன். ஏன் இப்படி என்று கேட்டபோது பச்சையம்மாள், "அதுக்கு நேரம் வரணுமில்ல," என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை நான்தான் முதலில் தாழ்த்தினேன்.

மதியச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லக் கூடாதாம், உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன், அது பல்லில் ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் போக மறுத்தது. சரோஜா கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு உருண்டை விழுங்கினாள். சோறில்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன பெண் அவள். சாயங்காலம் வறுத்த மல்லாட்டை வந்தது. நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். அது மட்டும் நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா கொடுத்தனுப்பிய பிளாச்சான் கட்டியை எடுத்துக் கொடுத்தேன். உப்பு போட்டுக் காயவைத்து இடித்த இறால்தான், வறுத்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும். சின்ன வயதில் அதைப் பச்சையாகக் கிள்ளித் தின்று அடி வாங்கியவள் அவள். இப்போது பிரித்துக்கூடப் பார்க்காமல் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். "இதெல்லாம் எதுக்குண்ணா தூக்கிட்டு வந்த?" என்றாள். கருவாடு தின்கிற வீடுதான் இது. பிறகு யாருக்குப் பயந்து பூட்டுகிறாள்?

மறுநாள் காலை நான் பழைய பழக்கத்தில் "பசியாறிட்டியா?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் கேட்போம். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "டிபன் ஆச்சுண்ணா," என்றாள். அவள் எத்தனை முறை சிரிக்கிறாள் என்று எண்ண ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம்வரை ஒன்றே ஒன்று. அதுவும் குமாரின் கையிலிருந்த இட்லியைக் காக்கா தூக்கிப் போனபோது.

மாப்பிள்ளை ஏழுமலை அரிசி மில்லில் மெஷின் பார்ப்பவர். புருவத்தில் தவிட்டோடுதான் வீட்டுக்கு வருவார். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார். பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அது அம்மாகிட்ட இருக்குங்க மச்சான்."

"அவள் பாஸ்போர்ட் உங்க அம்மாகிட்ட எதுக்கு?"

"சரோஜாதான் குடுத்து வெச்சா," என்று முனகிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். பச்சையம்மாளிடம் கேட்டேன். "இருக்குது தம்பி, எங்க போயிடும்? மொதல்ல வெள்ளிக்கெழம போவட்டும்," என்றார். இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்ன நடக்கப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சம்பந்தி வீட்டார் என்னிடம் ஏதோ பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பாஸ்போர்ட்டைப் பிணையாக வைத்துக்கொண்டு மனுஷியை வேலை வாங்குகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

தெருவும் கூட்டுச் சேர்ந்திருந்தது. புதன்கிழமை காலை குழாயடியைக் கடந்து போனபோது இரண்டு பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசியது காதில் விழுந்தது.

"இவருதான் அந்த அண்ணனா? பாக்க நல்லாத்தான இருக்காரு."

"பாக்க நல்லா இருந்து இன்னா? மனசு இருக்கணுமே."

எனக்கு மனசில்லையாம். முகத்தைச் சவரம் செய்துகொண்டு போகலாமென்று தெருமுனைச் சலூனில் நுழைந்தேன். பாதி முகம் ஆனபிறகு யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார் கடைக்காரர். பச்சையம்மாள் வீடு என்றேன். தொண்டைக்கு மேலே கத்தி நின்றுவிட்டது.

"ஓ, நீங்கதானா அது," என்றார். கண்ணாடியில் என்னையே பார்த்தார். "வெள்ளிக்கெழமைன்னு உறுதியா சொல்லிட்டீங்கன்னா கத்திய நல்லா தீட்டி வெச்சிடுவேன். மூணு வருஷமா அந்தம்மா என்னைக் கேட்டுக்கிட்டே இருக்குது."

பதினோரு வருட உத்தியோகத்தில் எத்தனையோ முரடர்களைப் பார்த்திருக்கிறேன், கத்தியைத் தீட்டி வைக்கிறேன் என்று ஒருவரும் என்னிடம் நாள் கேட்டதில்லை. மீதிப் பாதி வேண்டாம் என்று துண்டால் துடைத்துக்கொண்டு நேராகத் தபாலாபீசுக்கு நடந்தேன். "சந்தேகம் உறுதி. கூட்டி வருகிறேன்" என்று அம்மாவுக்குத் தந்தி எழுதிக் கையில் வைத்திருந்தேன். தந்தி எடுப்பவர் சாப்பிடப் போயிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு டச்சுக்காரர் வந்து உட்கார்ந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருப்பவராம். நாலு முழ வேட்டி, வெறும் கால், நெற்றியில் பட்டை. மடியில் அப்போதுதான் வாங்கிய பார்சல். என் மூக்கு சும்மா இருக்குமா? "உள்ளே சீஸ்," என்றேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. "மருந்து," என்றார் தமிழில். நான் எந்த வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

"சார், நான் இங்க வந்து பன்னெண்டு வருஷம். மொத ரெண்டு வருஷத்துல எல்லாத்தையும் விட்டேன். செருப்பு, கரண்டி, பேரு, எல்லாம். அப்புறம் ஜொரம் வந்து படுத்தேன். டாக்டர் ஒன்னும் இல்லேன்னாரு. எங்கம்மா இத அனுப்பிச்சாங்க. சாப்ட்டேன், எழுந்து உக்காந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "இப்ப மாசத்துக்கு ஒரு துண்டு. கதவ சாத்திக்கிட்டு. ஆசிரமத்துல மருந்துன்னு சொல்லி வெச்சிருக்கேன், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

நான் ஏன் சொல்லப் போகிறேன்? ஆனால் சரோஜா டிரங்குப் பெட்டியைப் பூட்டிய விதம் நினைவுக்கு வந்தது. அவள் யாருக்கோ பயந்துதான் பூட்டினாள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தந்திக்காரர் வந்து கூப்பிட்டபோது ஏனோ காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று பொழுது சாயும் நேரம் ஏழுமலை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்னே ஒன்னு கேக்கறேன். எம் புள்ள ஒங்களுக்கு இன்னா பாவம் பண்ணான்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மொத முடி எறக்க தாய்மாமன் மடிதாங்க வேணும். வேற யாரு மடியிலயும் உக்கார வெச்சி எறக்கக் கூடாது. அவனுக்கு ஒரு வயசு ஆறதுக்கு முன்னாடிலருந்து வருஷா வருஷம் சரோஜா ஒங்களுக்கு எழுதினா. இந்த வருஷம் வரல, அடுத்த வருஷம்னு நீங்க தள்ளிக்கிட்டே போனீங்க. தெருவே பேசுது. மாமன் கைவிட்ட புள்ளன்னு பேசுது. சரி, இப்ப வந்துட்டீங்க. வந்து மூணு நாளா அதப்பத்தி ஒரு வார்த்த பேசல. மாமன்தான நாள் சொல்லணும்? இது நாங்க கேட்டு வாங்கற மரியாதயா?"

அவர் குரல் உடைந்துவிட்டது. பெரிய மனிதர் ஒருவர் கண்ணில் நீர் நின்றது. குழாயடிப் பேச்சு, சலூன்காரரின் கத்தி, வெள்ளிக்கிழமை எல்லாம் அப்போதுதான் விளங்கின. இந்த வீட்டையும் தெருவையும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மூன்று நாளும் அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். சத்தியமாகத் தெரியாது. எனக்கும் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் மொட்டை போட்டார்கள். யார் மடியில் என்று நான் கேட்டதேயில்லை. அம்மாவின் தம்பிகள் யாரும் கப்பலேறவில்லை. பக்கத்து வீட்டு மலையாளி ஒருவர் லீவு போட்டுவிட்டு வந்து என்னை மடியில் வைத்துக்கொண்டதாக அம்மா பிற்பாடு சொன்னாள். மாமன் இல்லாத ஊரில் வளர்ந்தவனுக்கு மாமனின் வேலை என்ன என்று எப்படித் தெரியும்?

"எந்தக் கடிதம்?" என்று கேட்க வாயெடுத்தேன். இந்த மூன்று வருடத்தில் அவள் எழுதிய அத்தனை கடிதத்தையும் நான் படித்திருக்கிறேன். முடி இறக்குவதைப் பற்றி ஒரு வரிகூட எதிலும் இல்லை. அதற்குள் அடுக்களை நிலைப்படியில் சரோஜா நிற்பது கண்ணில் பட்டது. அவள் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. என் மேசை முன்னால் பெட்டியின் பூட்டில் நான் கை வைக்கும்போது சிலருக்கு முகம் அப்படி ஆகும்.

"தப்பு என் மேலதான் மாப்ள," என்றேன். "லீவு கிடைக்கல. எழுதியாவது இருக்கணும், அதையும் செய்யல. வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம்." சந்தேகம் வந்தும் திறக்காமலே நான் அனுப்பிவிட்ட முதல் பெட்டி அதுதான்.

வியாழக்கிழமை காலை துணி துவைக்கிற சாக்கில் சரோஜா என்னைக் குளத்துப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனாள். குமார் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கல்லைப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு புடவை அலசி முடிக்கும்வரை அவள் பேசவில்லை. பேசியபோது எங்கள் வீட்டுப் பேச்சு திரும்பி வந்திருந்தது.

"நான் எழுதவே இல்லண்ணா. எழுதிட்டேன்னு இவங்ககிட்ட பொய் சொன்னேன். மூணு வருஷமும்."

"ஏன்?"

"ஆரம்பத்துல குளிக்கிற எடத்துல நின்னு அழுவேன், தண்ணி சத்தத்துல கேக்காது. இவங்க கெட்டவங்களா இருந்திருந்தா எனக்குச் சுலபம். சண்ட போட்டுட்டுக் கெளம்பி வந்திருப்பேன். நல்லவங்களா இருந்து தொலைக்கிறாங்கண்ணா, அதான் கஷ்டம். அதனால ஒன்னொன்னா மாத்திக்கிட்டேன். பேச்சு, சாப்பாடு, கோபம் வந்தா திட்டறதுகூட. ஒரு நா கனவுல அம்மா இவங்க மாதிரி பேசினா. நான் பயந்துட்டேன். எதாவது ஒன்னு மாறாம இருக்கணும்னு தோணிச்சு. இவன் முடிய பிடிச்சுக்கிட்டேன். இவங்க சாமிக்கு முடி குடுத்துட்டா இவன் இந்த ஊருக்காரன். இவன் இந்த ஊருன்னா நானும் இந்த ஊருதான். அப்புறம் ஒன்னும் பாக்கி இல்ல."

"பாஸ்போர்ட்டை யாரு வாங்கி வச்சாங்க?"

"யாரும் வாங்கல. நான்தான் அத்தைகிட்ட குடுத்தேன். எங்கிட்ட இருந்தா தெனம் எடுத்து எடுத்துப் பாக்கறேன். அன்னிக்கு முழுக்க வேலை ஓடாது. அந்த பிளாச்சானும் அப்படித்தான், மோந்து பாத்தா போச்சு."

நாலரை வருடம் இந்தப் பெண் தனியாக இதையெல்லாம் சுமந்திருக்கிறாள். நான் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மாமியார் மேல் குற்றப்பத்திரிகை தயாரித்திருக்கிறேன்.

"கெளம்பு," என்றேன். "நாளைக்கு முடியும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம். இன்னைக்கு மத்தியான பஸ்ல மெட்ராஸ் போயிடலாம்."

அவள் துணியைப் பிழிந்தாள். உதறினாள். மறுபடி பிழிந்தாள். "தெரியலண்ணா," என்றாள். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் யோசித்துச் சொன்ன முதல் பதில் அது. "முடி எறக்கிட்டு அப்புறம் கேளு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குலதெய்வக் கோயிலுக்கு செங்கம் பஸ்ஸில் கிளம்பினோம். பொங்கல் பானையோடு பச்சையம்மாள், தேங்காய் மூட்டையோடு ஏழுமலை, தோல் பையோடு சலூன்காரர், நான் கடைத்தெருவில் வாங்கிய சட்டையும் பூத்தட்டுமாக சரோஜா. பாதி வழியில் பஸ் டயர் வெடித்தது. நடுவழியில் எல்லாரையும் இறக்கி விட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இங்கே டிரைவர் டயரைக் கழற்ற, கண்டக்டர் கல் முட்டுக் கொடுக்க, பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மாமன் வந்தாலும் சும்மா வரல பாரு," என்றார் ஏழுமலை. முதல்முறையாக எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போலச் சிரிப்பு வந்தது.

கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புளியமரம், சுண்ணாம்பு அடித்த நாலு சுவர். என்னைப் பலகையில் உட்கார வைத்துக் குமாரை மடியில் கொடுத்தார்கள். சடையை அவிழ்த்துத் தண்ணீர் தடவியதும் பையன் வீறிட ஆரம்பித்தான். உதைத்தான், என் கையைக் கடித்தான். இறுக்கி அணைத்துக்கொண்டேன். கத்தி ஓடும் கரகர சத்தம் என் நெஞ்சில் கேட்டது. முடி கற்றை கற்றையாக ஈரத்தோடு என் வேட்டியில் விழுந்தது. கடைசியில் அந்த வெறும் தலை சூடாக என் மோவாயில் வந்து சாய்ந்தது. அவன் தேம்பிக்கொண்டே என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நான் அழுதேன். அத்தனை பேருக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். சரோஜாவைத் தேடினேன். அவள் அடுப்பில் பொங்கலைக் கிளறிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

எல்லாம் முடிந்து பஸ்ஸுக்காக நின்றபோது பச்சையம்மாள் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"தம்பி, ஏழுமலைகிட்ட நீங்க தப்பு எம் மேலன்னு சொன்னீங்களே. அது பொய்யின்னு எனக்குத் தெரியும்."

நான் வேட்டியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினேன்.

"அவ லெட்டரே போடல. மொத வருஷமே கண்டுபுடிச்சிட்டேன். ஒங்க வீட்டு லெட்டர் வந்தா, மாமன் வராரான்னு நான் கேப்பேன். கவர பிரிக்கறதுக்கு முன்னாடியே, 'வரலயாம் அத்தை'ன்னுவா. படிக்காமயே எப்பிடித் தெரியும்?"

இந்த அம்மாள் பினாங்கில் இருந்திருந்தால் எனக்கு அங்கே வேலை இருந்திருக்காது. "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?" என்றேன்.

"பின்ன, புடிச்சிக் கேக்கறதா? அழுதுடுவா. புள்ளய குடுத்தா, பேச்ச மாத்திக்கினா, எங்க களிய துன்றா. ஒன்னு பாக்கி வெச்சிருக்கா, வெச்சிருக்கட்டும்னு வுட்டுட்டேன். தெரு நாலு பேசும். பேசினா பேசட்டும்." இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து மஞ்சள் துணியில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்தார். "கேட்டாலும் தராதீங்க அத்தைன்னு சொல்லித்தான் குடுத்தா. நாலு தபா கேட்டா, தரல. இப்ப ஒங்க கைல தரேன். அது நாள் முடியப் போவுதுன்னு ஏழுமல சொன்னான். அவ கையெழுத்து போடட்டும். போடாம வுட்டுட்டா அப்புறம் ஆயுசுக்கும் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அதயே நெனப்பா."

சொல்லிவிட்டு, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்துவிட்டார். அவர் என்னிடம் நன்றியும் எதிர்பார்க்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியாமல் நின்றேன்.

சனிக்கிழமை காலை பாரத்தை எடுத்துச் சரோஜா முன்னால் வைத்தேன். ஏழுமலை மில்லுக்குப் போகாமல் கிணற்றடியிலேயே நின்றார். நான் நிரப்ப வேண்டியதை நிரப்பி வைத்திருந்தேன். அவள் பேனாவை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள். சின்ன வயதில் போடுகிற அதே கையெழுத்து, எஸ்ஸுக்கு நீளமான வால்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப சாமான் எடுத்து வை. மத்தியானம் பஸ் இருக்கு," என்றேன்.

"நான் வரலண்ணா."

"பிறகு எதுக்குக் கையெழுத்து?"

"எப்ப வேணா வரலாம்னு தெரிஞ்சா இங்க இருந்துடுவேன். அம்மாகிட்ட அப்படியே சொல்லு." சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் கோபம், துக்கம், எல்லாம் ஒன்றாகப் பொங்கியது. இவளை மீட்டுக்கொண்டு போகத்தான் கடல் தாண்டி வந்தேன். என் மீட்பு இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை என்பதை ஜீரணிக்க முடியாமல் பாரத்தைக் கையில் எடுத்தேன்.

"இன்னும் ஒன்னு பாக்கி இருக்கே," என்றாள். ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். பழைய பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவள் கையாலேயே என் பெயர் எழுதியிருந்தது. இது வேறு யாராக இருக்க முடியும் என்ற நினைப்பில் கடைசியாக நிரப்பிக்கொள்ளலாமென்று நான்தான் காலியாக விட்டிருந்தேன். பேனாவை நீட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, பச்சையம்மாள் என்று எழுதினாள்.

நான் குனிந்து அந்தப் பெயரைப் படிப்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"எனக்கு ஏதாவதுன்னா அவங்கதானண்ணா மொதல்ல ஓடி வரணும்? நீ வந்து சேர மூணு வாரம் ஆவும்."

அவள் சொன்னது உண்மைதான். மை காயும்வரை பாரத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.